சும்மா விழும் தண்ணீர்

எந்தப் பொருளும் சும்மா கீழே இறங்குவதை லிஃப்ட்காரனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தொழில் கொடுத்த வியாதி. அவன் பராமரிக்கிற புது மாடல் லிஃப்டுகளில், ஆள் நிறைந்து கீழே இறங்கும்போது மோட்டாரே கரண்ட் தயாரித்துக் கட்டடத்துக்குக் கொடுத்துவிடும். ஏறும்போது வாங்கியதில் ஒரு பங்கை இறங்கும்போது திருப்பித் தருவதுதான் யோக்கியமான லிஃப்டுக்கு அழகு என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்குவான். கேட்காதவர்கள்தான் அதிகம். நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போனவன், கதவைத் திறந்ததும் அவர்களை வெளியே விடாமல் நிறுத்திவைத்து இதைச் சொன்னதாகக் கம்பெனியில் ஒரு புகாரே உண்டு.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுப் பின்பக்க பால்கனியில் நாள் முழுக்கத் தண்ணீர் மேலிருந்து கீழே சும்மா விழுந்துகொண்டிருந்தால் அவன் மனசு என்ன பாடுபடும்?

அது மனைவியின் தோட்டம். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்து அலுத்துப்போய், கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டும் என்றாள். மூன்றாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? அக்வாபோனிக்ஸ் என்று ஒன்றைத் தேடிப் படித்து அவளே போட்டுவிட்டாள். கீழே ஒரு பெரிய நீலத் தொட்டி, அதில் கெண்டை மீன்கள். மேலே இரும்பு ஸ்டாண்டில், தலை உயரத்துக்கு, ஜல்லி நிரப்பிய தட்டுகள். அவற்றில் கீரை, புதினா, ரெண்டு தக்காளி. சின்ன பம்ப் ஒன்று மீன் தண்ணீரை மேலே ஏற்றும். மீனின் அழுக்கு செடிக்குச் சாப்பாடு. வேர் வடிகட்டின தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் திரும்பித் தொட்டிக்குள் தொபதொபவென்று விழும்.

அந்தத் தொபதொபதான் லிஃப்ட்காரனின் நெஞ்சில் விழுந்தது. "கரண்ட் குடுத்து மேல ஏத்துறோம். இறங்கும்போது அதுபாட்டுக்கு விழுந்து வீணாப் போகுது," என்று சாப்பிடும்போதெல்லாம் புலம்பினான்.

"விழுந்தா விழுந்துட்டுப் போகட்டும். உங்க மேலயா விழுது?" என்பாள் மனைவி.

தொபதொப வேறொருவருக்கும் ஆகவில்லை. மாமனாருக்கு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மகன் வீட்டில் ஹால் சோபாதான் அவருக்குப் படுக்கை. கடைசி ஆள் டிவியை அணைத்த பிறகுதான் அதுவும் கிடைக்கும். மகள் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இங்கே அவருக்குப் பால்கனியை ஒட்டித் தனி அறை. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, மீனுக்குத் தீனி போடும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். காலையிலும் சாயங்காலமும் பழைய விசிலைத் தொட்டி ஓரத்தில் நின்று ஒரு ஊது ஊதுவார். கெண்டைகள் முண்டியடித்துக்கொண்டு வரும்.

"உள்ள போ, உள்ள போ! பின்னாடி காலியாத்தான கெடக்கு?" என்று மீன்களை அதட்டிவிட்டு, தீனியைக் கிள்ளிப் போடுவார். அதற்குச் சில்லறை என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே குறை. "மாப்ள, ராத்திரியெல்லாம் இந்தத் தண்ணிச் சத்தம். கேக்கக் கேக்க எனக்கும் வருதுல்ல? பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் டிரிப் அடிச்சே விடிஞ்சிருது."

ஆக, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று லிஃப்ட்காரன் களத்தில் இறங்கினான். கழித்துப் போட்ட லிஃப்ட் ஃபேனிலிருந்து ஒரு குட்டி மோட்டார் எடுத்தான். சமையலறைக் கரண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கரண்டிக் குழிகளை வட்டமாகப் பொருத்தி ஒரு சக்கரம். அதை ஒரு டப்பாவுக்குள் அடைத்து, தண்ணீர் இறங்கும் குழாயின் நடுவில் மாட்டினான். தண்ணீர் கரண்டியை அடிக்கும், சக்கரம் சுற்றும், மோட்டார் சுற்றும், தொட்டிக்கு மேலே ஒரு குட்டி விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தது. நோயாளி கண் திறந்தது போல எரிந்தது.

சக்கரத்தைத் தாண்டின பிறகும் தண்ணீர் பாக்கி உயரத்திலிருந்து விழுந்து வீணாவதைக் கவனித்தான். டப்பாவைத் தொட்டி மட்டத்துக்கு இறக்கினான். குழாயின் வாயை நீட்டித் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தான். ஒரு சாண் இறக்கம்கூட இனி சும்மா போகாது. விளக்கு கண்ணை நன்றாகத் திறந்தது. தொபதொப சட்டென்று நின்றது. பால்கனியில் அப்படி ஓர் அமைதி.

மனைவி வந்து பார்த்தாள். "பம்புக்கு எவ்வளவு போகுது?"

"இருபது வாட்."

"இது எவ்வளவு தருது?"

"அது வந்து... முக்கால். நல்லா சுத்தினா ஒண்ணு."

"யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுக்கு என் கரண்டியெல்லாம் போச்சு!"

"பொரியா இருந்தாலும் சும்மா வர்ற பொரி."

மாமனார் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "மாப்ள, சத்தமே இல்லையே! முப்பது வருஷம் பஸ்ல தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தன் வாயையும் என்னால மூட முடியல. நீங்க தண்ணி வாயையே மூடிட்டீங்களே!"

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயால் அவன் கேட்ட முதல் பாராட்டு அது. ஒரு வாட் விளக்குக்கு அவன் முகம் நூறு வாட் எரிந்தது. போனில் படமெடுத்துக் கம்பெனி முழுக்கக் காட்டினான். சூப்பர்வைசரே, "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாக்கிறேன்யா," என்றுவிட்டார்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. காற்று இலையைக்கூட அசைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க பாருங்க கூத்த. விசிலே ஊதல, எல்லாரும் மேல வந்துட்டானுங்க. படிக்கட்டுல தொங்குறானுங்க!"

கெண்டைகள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பசி போல," என்று சொல்லி மாமனார் ஒரு கிள்ளு போட்டார். தன் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டும் நுணுக்கிப் போட்டார். யாரும் தின்னவில்லை.

லிஃப்ட்காரன் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி குழாய் வாயைப் பார்த்தான். முன்பெல்லாம் தண்ணீர் விழுகிற இடத்தில் வெள்ளை நுரை கொப்பளித்துத் தொட்டி முழுக்கக் குமிழி ஓடும். இப்போது தண்ணீர், ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் சும்மா விழுந்துகொண்டிருக்கவில்லை. விழுந்து உடைகிறபோது காற்றைக் கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. தன் விளக்கு மீன்களின் மூச்சில் எரிகிறது.

குழாயை ஒரு சாண் மேலே தூக்கினால் போதும். ஆனால் வாய் டப்பாவைவிட உயரத்துக்குப் போனால் உள்ளே தண்ணீர் தேங்கிச் சக்கரம் நிற்கும், விளக்கு போய்விடும், தொபதொப வந்துவிடும், பாராட்டு வாபஸாகிவிடும். நாளைக்குச் சூப்பர்வைசர் வேறு. மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று ஊரே சொல்கிறது; மூச்சுவிட மட்டும் நான் கற்றுத்தர வேண்டுமா, சமாளித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு நாள்தானே. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

சனிக்கிழமை காலையில் தொட்டியை முதலில் பார்த்தது மனைவி. பாதிக்கு மேல் மிதந்தன. ஒவ்வொன்றும் வாயை அகலத் திறந்துகொண்டு, ஏதோ சொல்ல வந்து பாதியில் நின்றது போல. அவள் அழவில்லை. முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். தண்ணீரில் ஊறிப்போன பிஸ்கட் துகள்கள் அவள் கண்ணில் பட்டன.

"அப்பா, பிஸ்கட் போட்டீங்களா?"

மாமனார் கதவருகில் நின்றார். "கொஞ்சம்தாம்மா. பசியில வாயப் பொளந்துக்கிட்டு இருந்துச்சுங்க."

"எத்தன தடவ சொன்னேன்? அதிகமாப் போட்டா தண்ணி கெட்டுப்போகும், மீன் செத்துப்போகும்னு சொன்னேனா இல்லையா? கைய வச்சுக்கிட்டு உங்களால சும்மா இருக்க முடியாதா? இனிமே இந்த வீட்டுல ஒரு பொருளத் தொடாதீங்கப்பா."

லிஃப்ட்காரன் வாயைத் திறந்தான். செத்த கெண்டைகளும் திறந்துதான் வைத்திருந்தன. அவற்றிலிருந்தும் ஒன்றும் வரவில்லை, அவனிடமிருந்தும் வரவில்லை.

உள்ளுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான். பிஸ்கட்டும் போட்டார்தானே, அதுவும் ஒரு காரணம்தானே, தண்ணீர் கெட்டால் மீன் சாகும்தானே என்று வாதாடினான். ஃபீஸ் வாங்காத வக்கீல். அவன் வாதம் அப்படித்தான் இருந்தது.

"நான்தாம்மா. புத்தி இல்லாமப் பண்ணிட்டேன்," என்றார் மாமனார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் உள்ளே போனதும் லிஃப்ட்காரன் குழாயின் வாயைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினான். தண்ணீர் தொபதொபவென்று விழுந்தது. சக்கரம் சோர்ந்து நின்றது, விளக்கு அணைந்தது. நுரை பரவியது. உயிர் பிழைத்திருந்த கெண்டைகள் ஒவ்வொன்றாக மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கின. இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி கூண்டில் ஏறிச் சொல்லாது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, இன்றைக்கு வேண்டாம் சார், வீட்டில் ஒரு துக்கம் என்றான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தம் கேட்டு வந்த மனைவி அணைந்த விளக்கைப் பார்த்தாள். அவள் கண் இளகியது. உள்ளே திரும்பிச் சொன்னாள்: "பாத்தீங்களாப்பா? ஆசை ஆசையாச் செஞ்ச விளக்கு. மீன் போச்சேன்னு அவரே அணைச்சு வச்சுட்டாரு."

லிஃப்ட்காரனுக்குக் காலுக்குக் கீழே தளம் இறங்குவது போலிருந்தது. இந்த முறை திரும்பக் கொடுக்க ஒன்றும் இல்லை.

அன்றிரவு சோற்றில் கை வைத்தபடி மாமனார் சொன்னார்: "பெரியவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். திங்கக்கிழமை சாயங்காலம் அங்க போயிரலாம்னு பாக்கிறேன்."

பெரியவன் கூப்பிடவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். மனைவி, "உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை; அது இறங்கியிருந்தால் அவளே போகவேண்டாம் என்றிருப்பாள். லிஃப்ட்காரன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கொஞ்சம் ரசம் ஊத்திட்டுப் போ என்றான்.

ஞாயிறு முழுக்க மாமனார் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்க டம்ளரை எடுப்பதற்குமுன், "எடுத்துக்கவாம்மா?" என்று கேட்டார். மகள் டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தாள். லிஃப்ட்காரன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். யாரும் அதைக் கண்டு சிரிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம். ஒரு ஆபீஸ் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து, கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போன் அடித்தது.

"மாப்ள, நான்தான். வேலையா இருக்கீங்களா? ஒரு சந்தோஷமான சமாச்சாரம். உங்க விளக்க எரிய வச்சுட்டேன்!"

"எந்த விளக்க மாமா?"

"மீனுக்காக அணைச்சு வச்சீங்களே, அதைத்தான். ஒரு பொருளத் தொடாதன்னு அவ சொன்னா, தெரியும். ஆனா நான் பண்ணின தப்புக்கு உங்க விளக்கு ஏன் இருட்டாக் கெடக்கணும்? மனசு கேக்கல. காலைல நீங்க கிளம்பினதுமே குழாய முன்ன இருந்த மாதிரியே தண்ணிக்குள்ள அமுக்கி வச்சுட்டேன். ஜம்முனு எரியுது."

லிஃப்ட்காரன் கையிலிருந்த எண்ணெய்ப் புட்டி சாய்ந்தது. "மீனெல்லாம் எங்க மாமா இருக்கு?"

"மேலதான். மறுபடியும் படிக்கட்டுல தொங்குறானுங்க, பாவம். ஆனா நான் ஒண்ணும் போடல மாப்ள. சத்தியமா. கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"குழாயத் தூக்குங்க மாமா! உடனே வெளிய தூக்குங்க!"

"ஏன்? விளக்கு போயிருமே?"

"போகட்டும்! அந்த விளக்காலதான் மீன் செத்துச்சு! உங்க பிஸ்கட்டால இல்ல! நான்தான் மாமா மீனக் கொன்னேன்!"

லிஃப்ட் குழியில் பேசினால் அது பேச்சு இல்லை, ஒலிபெருக்கி. 'நான்தான் கொன்னேன்' என்பது அடித்தளம்வரை போய்த் திரும்பி வந்தது. நாலாவது மாடிக் கதவுக்குப் பின்னால் காத்திருந்த யாரோ, "நாம படியிலயே போயிரலாம்," என்பது காதில் விழுந்தது.

போனில் மாமனாரின் செருப்புச் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம், ஒரு முனகலுக்குப் பிறகு, தொபதொபதொப. வாழ்நாளில் எந்த இயந்திரச் சத்தத்தையும் அவன் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"உள்ள போ... உள்ள போ ராஜா... பின்னாடி காலியாத்தான கெடக்கு," என்று தூரத்தில் மாமனார் குரல். இந்த முறை அதில் அதட்டல் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு போனை எடுத்தார்.

"இறங்கிட்டானுங்க. எல்லாரும் இருக்கானுங்க."

"மாமா..."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குக் காலைல," என்றான். "இல்ல மாமா. அதுக்கு முந்தின நாளே தெரியும். நீங்க கூப்பிட்டுக் காட்டினீங்களே, அப்பவே."

மறுமுனையில் தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் எடுக்காதவன மூஞ்சியப் பாத்தே பிடிச்சிருவேன் மாப்ள. எத்தன பேரப் பிடிச்சிருக்கேன்! உங்கள விட்டுட்டேன். ஏன் தெரியுமா? நீங்க என் பக்கத்துலயேதான் நின்னீங்க. நான்தான் தலைய நிமித்தி யாரையும் பாக்கலியே."

லிஃப்ட்காரன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"என் மககிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றார் மாமனார். "டிக்கெட் எடுக்காதவங்கதான் கைய நீட்டி எடுக்கணும்." போனை வைத்துவிட்டார்.

அவன் வீடிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியையும் ஏறிப் போனான். வாசலருகில் மாமனாரின் பை, ஜிப் போட்டுத் தயாராக. மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தப் பையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவன் வாசல்படியிலேயே நின்று சொன்னான். குழாயைத் தண்ணீருக்குள் விட்டது, காற்று நின்றது, வெள்ளிக்கிழமையே தெரிந்தது, சூப்பர்வைசர் வரட்டும் என்று விட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல வாக்கியங்கள் எதுவும் கைகொடுக்கவில்லை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப, அந்த விளக்க அணைச்சது?"

"துக்கத்துல இல்ல."

"நான் அப்பாகிட்ட உங்களப் பெருமையாச் சொன்னேன்."

"தெரியும்."

"பக்கத்துலதான நின்னீங்க."

"நின்னேன்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அப்பா," என்றாள். ஜிப்பைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டத் தொடங்கினாள். ஒரு சட்டைப்பையிலிருந்து விசில் தரையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"விடும்மா. நானும் பிஸ்கட் போட்டவன்தான," என்றார் மாமனார்.

கதவருகில் நின்ற லிஃப்ட்காரனுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் கணக்குத் தீர்ந்திருக்கும்.

"மாமா, என்ன வேணா சொல்லுங்க. ரெண்டு அடிகூட அடிங்க."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அடிக்கிறதெல்லாம் எங்க டிபார்ட்மென்ட்ல கிடையாது மாப்ள. ஃபைன்தான் உண்டு." பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தச் சத்தம் இனிமே நிக்காது, நிக்கவும் கூடாது. அதனால இந்த ரூம்ல நீங்க படுங்க. நான் உங்க உள்ளறையில படுத்துக்கிறேன்."

"ஆமா, படுங்க," என்றாள் மனைவி. அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நான் ஹால்ல படுத்துக்கிறேன்."

லிஃப்ட்காரன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தான். வருகிற வழியில், ஒரு பொருளை யாரிடமும் கேட்காமல் தொட்டுவிட்டோமே என்று ஒரு கணம் தயங்கி நின்றான். கேட்கவில்லை, கேட்டால் நடிப்பாகிவிடும்.

மறுநாள் விடியும்போது அவன் பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாகப் பல டிரிப் முடித்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே விசில் சத்தம் கேட்டது. சின்னதாக ஒரு ஊது.

எழுந்து போனான். மாமனார் தொட்டியருகில் நின்றிருந்தார். கரண்டிச் சக்கரம் சுவரோரமாகத் தனியாகக் கிடந்தது. யார் கழற்றினார்களோ, கரண்டிகளில் நாலைந்து மட்டும் சமையலறைக்குத் திரும்பியிருந்தன.

"நீங்க போடுங்க மாப்ள. ஒரு கிள்ளுதான். நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

தீனி டப்பாவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தான். பாதி தன் கால்மேலேயே விழுந்தது. மீதியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். நுரைக்கு அடியில், தொட்டியின் அடிமட்டத்தில், கெண்டைகள் மங்கலாக அசைந்தன. ஒன்றும் ஏறி வரவில்லை. தீனி குமிழிகளோடு சுற்றிச் சுற்றி மெல்லக் கீழே இறங்கியது.

"மேல வரமாட்டேங்குது மாமா."

"வரலைல்ல?" என்றார் மாமனார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "சந்தோஷப்படுங்க."